மருதப்பன் என்கிற எடுத்துக்காட்டு

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் அசிங்கம். இலக்கியம் படிக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உவமை என்றால் என்ன, உருவகம் என்றால் என்ன, நோக்குநிலை என்றால் என்ன என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு வரி விளக்கமும் ஓரிரண்டு எடுத்துக்காட்டும் எழுதிக் கொடுக்கிற வேலை. அந்த வேலையில் அளவுக்கு மீறி எழுதிப்போன எடுத்துக்காட்டுகளைத் தூக்கி எறிய மனம் வராமல் ஒட்டுப்போட்டதுதான் இது.

எழுதுகிறவள் பெயர் அனுப்ரியா. பொங்கோலில் வீடு. பள்ளிக் கையேடுகள் எழுதிப் பிழைப்பு. இந்தக் கதையை அவள் 'நான்' என்றுதான் தொடங்கினாள். மூன்று வரிக்கு மேல் நகரவில்லை. நோக்குநிலை பற்றி அவளே பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறாள்: "தன்மையில் கதை சொல்பவர் தம் மனத்தை ஒளிக்க முடியாது. படர்க்கையில் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம்." ஒளிந்துகொள்ள இடம் இருக்கும்போது எதற்கு நடுத்தெருவில் நிற்க வேண்டும்? ஆகவே இனி 'அவள்'.

தொடக்கங்களும் எழுதிப் பார்த்தாள்.

தொடக்கம் அ: மருதப்பன் இறந்த அன்று மழை பெய்தது. [வேண்டாம். இந்த ஊரில் என்றைக்குத்தான் மழை பெய்யவில்லை?]

தொடக்கம் ஆ: அம்மாவின் நெஞ்சைத் திறந்து மூடிய டாக்டர், இனி இவருக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன அதே [வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது. முடித்துவைக்க ஒரு வினைச்சொல் வேண்டும். இருக்கிற வினைச்சொற்கள் எல்லாம் அடிக்கின்றன.]

தொடக்கம் இ: "மருது மெசேஜ் போட்டிருக்கானா? படி."

மூன்றாவதுதான் சரியான தொடக்கம். ஆனால் அது முடிவில் தேவைப்படும். இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே கைவசம் ஒன்றும் இருக்காது.

2

கையேட்டைப் போடுகிறவர் வெங்கட். சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பூக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். படியேறும்போதே மல்லிகையும் அச்சு மையும் சேர்ந்து மூக்கில் ஏறும். நல்ல மனிதர். ஆனால் எடுத்துக்காட்டு விஷயத்தில் கறார். சாவு, சாராயம், விவாகரத்து, சாமி, அரசியல், இந்த ஐந்தும் எடுத்துக்காட்டில் வரக்கூடாது.

"சாவு வேணாம் மேடம். பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ன் பண்ணுவாங்க."

"இலக்கியத்துல சாவு இல்லாம எப்படி சார்?"

"இலக்கியத்துல இருக்கட்டும் லா. எக்ஸாம்பிள்ல வேணாம்."

யாரும் சாகாத, யாரும் குடிக்காத, யாரும் யாரையும் விட்டுப் போகாத ஓர் ஊரை அவள் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஊருக்கு ஒரு குடிமகன் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் பெயர் மாறினால் பிள்ளைகளுக்குக் குழப்பம், ஒரே ஆளை வைத்தே எல்லா எடுத்துக்காட்டையும் ஓட்டிவிடுங்கள் என்று வெங்கட் சொல்லியிருந்தார். அவள் தன் தம்பியின் பெயரை வைத்தாள். அப்பாவைப் பெற்றவரின் பெயர் அது. இன்றைக்கு எந்த வகுப்பறையிலும் ஒரு மருதப்பன் இருக்க மாட்டான், எந்தத் தாயும் போன் போட்டு என் பிள்ளையைக் கிண்டல் பண்ணுகிறீர்களா என்று கேட்க மாட்டாள்.

உவமை: வேலை முடிந்து வந்த மருதப்பன் வாடிய கீரைக்கட்டு போல சோபாவில் சாய்ந்தான்.

உருவகம்: மருதப்பனின் அறை ஒரு காடு.

உயர்வு நவிற்சி: மருதப்பன் தூங்கி எழுவதற்குள் பொங்கோலில் இன்னும் பத்து பிளாக் கட்டி முடித்துவிடுவார்கள்.

கற்பனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கிராஞ்சியில் ஒரு செடிப்பண்ணையில் அவனுக்கு வேலை. அந்தப் பக்கம் பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது, அதனால் மோட்டார் சைக்கிள். விற்காத செடி, நோய் பிடித்த செடி, யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய செடி எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு செங்காங் வீட்டுக்கு வருவான். அம்மாவும் அவனும் மட்டும் இருந்த வீடு. வாசலுக்கு வெளியே நடைபாதையில் வரிசையாகத் தொட்டிகள். வழியை மறைக்கிறது என்று நகர மன்றத்திலிருந்து எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போவார்கள். அம்மா கத்துவாள். அவன் தொட்டிகளை உள்ளே இழுப்பான், அடுத்த வாரம் வெளியே தள்ளுவான்.

தன் பெயரைப் புத்தகத்தில் பார்த்தபோது அவன் கேட்டது இவ்வளவுதான்: "அக்கா, எனக்கு என்ன தருவ?"

"தேக்காவுல பிரியாணி."

வாங்கித் தரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது.

3. மங்கலம்

சொன்னால் மனம் நோகும் ஒன்றை நோகாத வேறு சொல்லால் சொல்வது மங்கலம். இந்த வழக்கு முக்கால்வாசி சாவுக்காகவே உண்டானது. வெங்கட்டின் சட்டத்துக்குப் பயந்து அனுப்ரியா, "விளக்கை அணைத்தாள்" என்பதை "விளக்கைக் குளிர வைத்தாள்" என்று சொல்வது போல, என்று ஒரு வழியாக எழுதி ஒப்பேற்றினாள்.

அவளுடைய மாமா, அம்மாவின் அண்ணன், இலக்கியம் படித்தவர் இல்லை. ஆனால் அவர்தான் இந்த வீட்டில் முதல் மங்கலத்தைச் சொன்னார்.

அம்மாவுக்கு, தங்கம் அவள் பெயர், இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்த காலை. மருதப்பன் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அம்மாவுக்கு வைத்திருந்த ரொட்டியில் பாதியைத் தின்றான். "இதுல உப்பே இல்லம்மா," என்றான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிராஞ்சிப் பக்கம் மழை. திரும்புகிற லாரி. [இதற்கு மேல் இந்தப் பத்தி வேண்டாம்.]

செய்தி வந்தபோது மாமாவும் அனுப்ரியாவும் வார்டுக்கு வெளியே லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கதவின் கண்ணாடி வழியாக அம்மா தெரிந்தாள். ஸ்பூனில் கஞ்சி எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள். மாமா தன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, "இப்ப சொல்ல வேணாம் பிள்ளை. நெஞ்சு தாங்காது. கொஞ்சம் தேறி வரட்டும்," என்றார். நம் குடும்பங்களில் இது வழக்கம்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரிடம் சாவைச் சொல்வதில்லை. யாரும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை, எல்லாருக்கும் அது தானாகத் தெரியும்.

மண்டாயில் எரித்துவிட்டு வந்தார்கள். அனுப்ரியா தலைக்குக் குளித்து, கண்ணுக்கு மை போட்டு, மாலை நேரத்துக்கு வார்டில் இருந்தாள்.

"மருது எங்க?" என்றாள் அம்மா.

"கம்பெனி அவனை பெர்த்துக்கு அனுப்பிருச்சு," என்றார் மாமா. "செடி வாங்க. அவசரமா."

ஆஸ்திரேலியா! அனுப்ரியாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் பத்துமலைக்குப் போயிருக்கிறான் என்றிருக்கலாம், பாத்தாமுக்குப் போயிருக்கிறான் என்றிருக்கலாம். அனுபவம் இல்லாத கதாசிரியர்கள் எடுத்த எடுப்பில் பாத்திரத்தைக் கண்டம் தாண்டி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தைக் கட்டி மேய்ப்பது யார்?

4. நாடக முரண்

மேடையில் நிற்பவருக்குத் தெரியாத ஒன்று பார்வையாளர்கள் எல்லாருக்கும் தெரிந்திருப்பது நாடக முரண்.

தாதியருக்குத் தெரியும். உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணுக்குத் தெரியும். பயிற்சிப் பெண் ஒரு நாள் அம்மாவிடம், "சன் எப்ப வராரு ஆன்ட்டி?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு முகம் வெளுத்து நின்றாள். இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போக வேண்டிய அம்மாவுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக்கொண்டது. வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பொய் நீண்டுகொண்டே போனது.

போன் போட்டுக் கொடு என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். பண்ணை காட்டுக்குள் இருக்கிறது, அங்கே சிக்னல் இல்லை, டவுனுக்கு வரும்போது மெசேஜ்தான் போட முடியும் என்று மாமா இன்னும் ஒரு முடிச்சுப் போட்டார். அம்மாவின் பழைய பட்டன் போனில் அதெல்லாம் வராது. ஆகவே மெசேஜ் வருவது அனுப்ரியாவின் போனுக்கு. படித்துக் காட்டுவது அனுப்ரியாவின் வேலை.

முதல் மெசேஜை ரயிலில் வரும்போது டைப் அடித்து வைத்துக்கொண்டாள். "அம்மா, வந்து சேந்துட்டேன். இங்க ரொம்பக் குளிரு. நீ நல்லா ரெஸ்ட் எடு." அதை எடுத்துப் படித்தபோது குரல் நடுங்கியது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு டைப் அடிப்பதை விட்டுவிட்டாள். போனைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். திரையில் வானிலை இருக்கும், அல்லது பஸ் வரும் நேரம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்ததைப் படிப்பாள். பெர்த்தில் கறுப்பு அன்னம் பார்த்தானாம். ஒரு சீனர் கடையில் தோசை என்று எழுதிப் போட்டு அப்பளம் கொடுத்தார்களாம். அம்மா சிரிப்பாள். சிரித்தால் தையல் இழுக்கும், நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு சிரிப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் ஆமினா பீவி. இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். ஆரஞ்சை உரித்துக்கொண்டே அவரும் கேட்பார்.

"மாஷா அல்லாஹ், என்ன புள்ள! எனக்கும் மூணு பேரு இருக்கானுவ தங்கம். பாக்க வந்தா என்னைய எங்க பாக்கிறானுவ, போனைத்தான் பாக்கிறானுவ."

"முன்னல்லாம் இவனும் அப்படித்தான்க்கா," என்பாள் அம்மா. பெருமை தாங்காது.

பதிலும் சொல்வாள். "எழுது. தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லு. குளிர்ல காதை மூடிக்கச் சொல்லு." அனுப்ரியா கட்டைவிரலால் திரையைத் தட்டுவாள். ககககக என்று வரும். பப்பப்ப என்று வரும். "அனுப்பிட்டியா?" என்பாள் அம்மா. "அனுப்பிட்டேம்மா." எங்கே அனுப்புவது?

5. தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம்

ஒரே குணத்தோடு கடைசிவரை வருவது தட்டைப் பாத்திரம். நல்லதும் கெட்டதும் கலந்து, வாசகர் எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராததைச் செய்வது முழுமைப் பாத்திரம். இந்த இடத்தில் அனுப்ரியாவுக்குத் தன் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நிஜமான மருதப்பன் அம்மாவிடம் சொல்லச் சொல்லி அக்காவுக்குப் போடுகிற மெசேஜ்கள் அவளிடம் இன்னும் இருக்கின்றன. "லேட் ஆகும். சாப்பாடு வேணாம்." அடுத்தது, "லேட். சாப்பாடு வேணாம்." அதற்கும் அடுத்தது வெறும் "லேட்". அம்மா தப்பான செடிக்குத் தண்ணீர் ஊற்றி அது அழுகிப் போனதற்காக, ஒரு பொங்கல் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவன். கதவைச் சாத்தினால் மேல்மாடிக்குக் கேட்கும். பாத்ரூமில் ஈரத்துண்டைத் தரையில் போட்டுவிட்டு வருவான். சாப்பிட்ட தட்டைக் கழுவினால் குலம் அழிந்துவிடும். ஆனால் அம்மாவுக்கு மூச்சு வாங்கிய அன்று, லிஃப்ட் வருவதற்குள் பொறுக்காமல், அவளைத் தூக்கிக்கொண்டு எட்டு மாடி இறங்கியவனும் அவன்தான். அதைப் பற்றிப் பேசினால் எரிந்து விழுவான்.

அவள் எழுதிய மருதப்பன் அப்படி இல்லை. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கிறான். ஆமினாம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்கிறான். ஞாபகம் வைத்துக்கொள்கிறான், கவலைப்படுகிறான், கறுப்பு அன்னத்தைப் பார்த்தால் அம்மாவை நினைக்கிறான். வண்டி வண்டியாகப் பாசம். தட்டையிலும் தட்டை.

ஒரு நாள் அவள் அளவு மீறிப் போனாள். கிருமி நாசினி வாசனையில் அம்மா சோர்ந்து கிடந்தாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை. எப்படியாவது தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துப் படித்தாள்: "அம்மா, அந்தச் செடிக்காக உன்கிட்ட பேசாம இருந்தேன்ல, அது தப்பும்மா. என்னை மன்னிச்சிரு."

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"திரும்பப் படி."

படித்தாள்.

"இன்னொரு தடவை."

அம்மா அழுதாள். அனுப்ரியாவுக்குத் தெரிந்து அவ்வளவு நேரம் அம்மா அழுததில்லை. தாதி ஓடி வந்து திரையை இழுத்துவிட்டாள். ஆமினா பீவி அந்தப் பக்கத்திலிருந்து, சந்தோஷத்துல அழுவுறா, அழுவட்டும், என்றார். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "தள்ளிப் போனாத்தான் புள்ளைக்குப் பாசம் வருது."

அனுப்ரியா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். [இந்த இடத்தில் 'நான்' என்று எழுதி அடித்திருக்கிறது.] அவளுக்கு அந்தப் புது மருதப்பனைப் பிடிக்கவில்லை. அவனை வெறுத்தாள். தம்பியின் குரலை நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம் அந்த நல்லவன் முந்திக்கொண்டு வந்து, சாப்டியாக்கா, என்று கேட்கிறான். நிஜமானவன் அப்படிக் கேட்டதே இல்லை. லாரி ஒரு தடவை கொன்றது. மிச்சம் இருந்ததை அவள் தினமும் பார்வையாளர் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தாள்.

அந்த நாளுக்குப் பிறகு, எப்ப வர்றான் என்று அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். போன் போட்டுக் கொடு என்பதும் இல்லை. வந்ததும், "படி," என்பாள், அவ்வளவுதான். மருந்தின் மந்தம் என்று அனுப்ரியா நினைத்துக்கொண்டாள்.*

* எழுதுகிறவர்கள் எல்லாரும் நல்ல வாசகர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

6. முன்னுணர்த்தல்

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. கையேட்டின் முதல் படியை சோபாவில் படுத்துப் படித்துக்கொண்டே மருதப்பன், "அக்கா, உன் புக்ல நான் சாகவே மாட்டேனா?" என்று கேட்டான். "வெங்கட் சார் விட மாட்டாரு." "அப்ப சேஃப்." இப்படி ஓர் உரையாடல் நிஜமாகவே நடந்தது. நடந்தது என்பதற்காக அதை வாசகர் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கதைக்காகச் செய்தது போல் இருக்கிறது. எடுத்துவிடலாம்.]

[எடுக்க முடியவில்லை.]

7. முடிவு

அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அதே நாளில்தான் கையேட்டின் கடைசிச் சொல்லையும் கொடுத்தாக வேண்டும். காலையில் அனுப்ரியா வெங்கட்டின் படிகளில் ஏறினாள். அவர் தகனத்தன்று மண்டாய்க்கு வந்திருந்தவர். தேநீர் வரவழைத்தார். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. பேரை மாத்திடலாமா? ரமணன்னு வச்சுக்கலாம். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை, எல்லா இடத்துலயும் மாறிடும்."

"வேணாம் சார்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்."

"அந்தப் புத்தகத்துலதான் சார் அவனுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல."

வெங்கட் தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் தாங்கள் சாவு பற்றியே எழுதினாலும் நான் அடிக்க மாட்டேன் என்பது போல் இருந்தது அவர் முகம். இப்போது சொல்லி என்ன?

ரயில் ஏறுவதற்குள் மாமா கூப்பிட்டார். "இன்னிக்குச் சொல்லிடணும் பிள்ளை. வீட்டுக்குப் போனா லிஃப்ட்லயே யாராச்சும் துக்கம் விசாரிச்சிருவாங்க. வார்டுலயே சொல்லிட்டோம்னா, ஏதாச்சும் ஆனாலும் டாக்டருங்க பக்கத்துல இருப்பாங்க."

"நீங்க சொல்லுங்க மாமா."

"எனக்கு எப்படிம்மா வாய் வரும்? நீதான எழுதுறவ."

கையேட்டுக்கு 'திறந்த முடிவு' என்பதற்கு எடுத்துக்காட்டு எழுத வேண்டிய அவள், ரயிலில் மூடிய முடிவுகளாக எழுதிப் பார்த்துக்கொண்டு போனாள்.

முடிவு ஒன்று. சொல்லிவிடுகிறாள். அம்மா கேட்கிற முதல் கேள்வி, 'அப்ப இவ்வளவு நாளா மெசேஜ் போட்டது யாரு?' [அதற்குப் பதில் தெரிந்தால் இந்த முடிவை எழுதலாம்.]

முடிவு இரண்டு. சொல்லவில்லை. டாக்சி, லிஃப்ட், நடைபாதை. தொட்டிகள் எல்லாம் காய்ந்து நிற்கின்றன. அனுப்ரியா தினமும் தண்ணீர் ஊற்றித்தான் பார்த்தாள். எதற்கு எவ்வளவு என்று தெரிந்தவன் இப்போது இல்லை. அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு [நிறுத்து.]

முடிவு மூன்று. அவனை பெர்த்திலேயே சாக வைப்பது. ஒரு காய்ச்சல், ஒரு நல்ல ஆஸ்பத்திரி, கடைசியில் அம்மா என்று ஒரு சொல். இதை அவள் நிஜமாகவே யோசித்தாள். தோபி காட் நிலையம் தாண்டும்வரை யோசித்தாள். பிறகு தன் மேலேயே அருவருப்பு வந்தது. இல்லாத ஊரில் இல்லாத ஒருவன் சாவான், அம்மா அவனுக்காக மார்பில் அடித்துக்கொள்வாள். செங்காங் வீட்டில் ஈரத்துண்டைத் தரையில் போட்டவனுக்காக அழ ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

முடிவு நான்கு. கதவு திறக்கிறது. மண்ணும் எருவுமாக நாறிக்கொண்டு மருதப்பன் உள்ளே வருகிறான். ஹெல்மெட்டை சோபாவில் எறிகிறான். யாரையும் பார்க்காமல், "சாப்பாடு இருக்கா?" என்கிறான். [இந்த முடிவு திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் திரும்ப வந்துவிடுகிறது.]

8

அம்மா வீட்டுச் சேலை கட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். காலை உணவுத் தட்டில் ரொட்டி பாதி அப்படியே இருந்தது. ஆமினா பீவியை உடற்பயிற்சிக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாராம்.

மாமா வார்டுக்குள் வந்தார், அம்மாவைப் பார்த்தார், அனுப்ரியாவைப் பார்த்தார். அவருக்கு நிலைகொள்ளவில்லை.

"மருந்து வாங்க க்யூ நம்பர் உன் போனுக்குத்தான வரும்? குடு பிள்ளை. நான் கீழ போய் எடுத்துக்கிட்டு, அப்படியே டாக்சியும் பார்த்துடறேன்."

அனுப்ரியா போனைக் கொடுத்தாள். மாமா தப்பித்தோம் பிழைத்தோம் என்று நடந்தார். அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனித் தள்ளிப்போட வழியில்லை. அனுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வருகிற வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது பக்கத்தில் இல்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தலையைப் பின்னி விடு முதல்ல."

பின்னினாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முடி பாதியாகிவிட்டிருந்தது. பின்னி முடித்ததும் அம்மா சடையை முன்னால் போட்டு, ரப்பர் பேண்டை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"அம்மா, மருது வந்து..."

"மருது மெசேஜ் போட்டிருக்கானா?" என்றாள் அம்மா. "படி."

"போன் மாமாகிட்ட இருக்கும்மா."

"தெரியும். நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேனே. நீ படி."

அனுப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கண்ணில் மருந்தின் மந்தம் எதுவும் இல்லை. அது எப்போதுமே இருந்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா தன் கையை நீட்டி மகளின் முழங்காலில் வைத்து அழுத்தினாள்.

"அவன் ஒரு நாளும் என்கிட்ட மன்னிப்புக் கேட்டவன் இல்ல, பிள்ளை."

வேறெதுவும் விளக்கவில்லை. பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் ஒன்றுமே நடக்காதது போல் வந்து, சாப்பாடு இருக்கா என்று கேட்பவன் அவன். அதைப் பெற்றவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு அந்தத் திரைக்குப் பின்னால் அம்மா அழுதது தன் மகனுக்கான ஒப்பாரி. பக்கத்தில் இருந்தவர்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் தினமும் படி, படி என்று கேட்டது யாருக்காக என்று நினைத்தபோது அனுப்ரியாவால் அங்கே உட்கார முடியவில்லை. மேடையில் நின்றது அவள்தான். எல்லாம் தெரிந்து எதிரே உட்கார்ந்திருந்தது அம்மா.

"அம்மா..."

"வீட்டுக்குப் போய் அழுதுக்கலாம். நாலு பேரு வருவாங்க, எல்லாருமாச் சேர்ந்து அழலாம். இன்னும் டாக்சி வரலல்ல? படி."

அனுப்ரியா வெறும் கையை எடுத்து, போனைப் பிடிப்பது போலவே, முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கதை இங்கே நிற்கிறது. வெங்கட் கேட்ட திறந்த முடிவு இது இல்லை. திறந்த முடிவில் வாசகருக்குக் காற்று வரும். இங்கே மூச்சு முட்டுகிறது. நல்லவனைப் படித்தால், அது பொய் என்று இப்போது இருவருக்கும் தெரியும், அவன் இந்தக் கட்டிலிலேயே இரண்டாம் முறை செத்துவிடுவான். நிஜமானவனைப் படித்தால், அவன் போடுவது ஒரே மெசேஜ்தான்: லேட் ஆகும், சாப்பாடு வேணாம். அதைக் கேட்டுவிட்டால் அம்மா இனி சாகும்வரை அவனுக்காக விழித்திருப்பாள்.

ஏதாவது ஒன்றைப் படித்தாக வேண்டும். உவமைக்கும் உருவகத்துக்கும் வஞ்சனை இல்லாமல் எடுத்துக்காட்டு கொடுத்தவளுக்கு இந்த ஒன்று வரவில்லை. அவளுக்கு வரவில்லை. எனக்கு வரவில்லை.

அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள். இதோ என் உள்ளங்கை. நீங்கள் படியுங்கள்.